லிண்டா பெர்ஹாக்ஸின் ‘பேரலலோகிராம்ஸ்’

அமெரிக்காவின் காப் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட ‘பேரலலோகிராம்ஸ்’, சைக்கடெலிக் இசையின் மிக அழகிய ஆல்பங்களில் ஒன்று. வெளியான காலத்தில் அதைக் கேட்டவர்கள் சிலரே. பாடல்களை எழுதிப் பாடிய லிண்டா பெர்ஹாக்ஸ், கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் பணியில் இருந்தார்.

அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் லெனர்ட் ரோசன்மன். ஜேம்ஸ் டீன் நடித்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ படத்தின் இசையமைப்பாளர் அவர். லிண்டா பாட்டெழுதுவதை அறிந்து, வீட்டில் பதிவுசெய்த நாடாவை வாங்கிக் கேட்டார். உடனே ஆல்பத்தைத் தாமே தயாரிக்க முன்வந்தார்.

பதினொரு பாடல்களில் பல, கிதாரும் மென்குரலும் மட்டுமே போதும் என்பதுபோல் எளியவை. மழை, ஆறு, நாணல் என்று இயற்கையையே சுற்றி வருபவை. தலைப்புப் பாடல் வேறு வகை. ஒலியை வடிவமாகவும் வண்ணமாகவும் உணர்ந்த லிண்டா, அதை முதலில் ஒரு வரைபடமாகத்தான் தீட்டினார். வடிவியல் பெயர்களை அவருடைய குரலே பல அடுக்குகளாகப் பாடுகிறது. ஒன்று முடியுமுன் அடுத்தது எழுகிறது. நடுவே மெட்டு கரைந்து, மின்னணு ஒலிகளும் தாள ஒலிகளும் மட்டும் மிதக்கின்றன. பிறகு குரல்கள் திரும்புகின்றன. ஒரு பாப் ஆல்பத்தில் இவ்வளவு துணிவு அன்று அரிது.

ஆல்பம் தோற்றதற்குக் காரணம் பாடல்கள் அல்ல. ஏஎம் வானொலிக்கு ஏற்றபடி உச்ச ஒலிகளையும் அடி ஒலிகளையும் வெட்டித் தட்டை அச்சிட்டார்கள். நுட்பங்களே உயிரான இசைக்கு அது பெருங்கேடு. விளம்பரமும் இல்லை. தமக்கு வந்த பிரதியைக் கேட்டு மனம் நொந்த லிண்டா, அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய வேலையிலேயே தொடர்ந்தார்.

1998-இல் ‘தி வைல்ட் பிளேசஸ்’ என்ற சிறு நிறுவனம் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. அதை நடத்திய மைக்கேல் பைப்பர் நெடுநாள் தேடி லிண்டாவைக் கண்டுபிடித்தார். லிண்டா பத்திரமாக வைத்திருந்த நாடாக்களிலிருந்து தெளிவான பதிப்பு உருவானது. டாஃப்ட் பங்க் என்ற இசை இரட்டையர் 2006-இல் எடுத்த ‘எலெக்ட்ரோமா’ படத்தில் லிண்டாவின் பாடலைச் சேர்த்தனர். லிண்டாவின் இரண்டாம் ஆல்பம் 2014-இல்தான் வந்தது, 44 ஆண்டுகளுக்குப் பின்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘சிமாக்கம் ரெயின்’ பாடலிலிருந்து தொடங்கலாம். நாடாக்களிலிருந்து எடுத்த பதிப்பையே தேடிக் கேளுங்கள்.