கூரை – 14: வாடகையை அரசு கட்டும்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் கொரோனா ஊரடங்கை அறிவித்தார். அன்று நள்ளிரவே அமலுக்கு வந்தது. வாடகை கட்ட வேண்டிய ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. 28ஆம் தேதி டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் மூட்டைமுடிச்சுகளோடு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பசிக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றே பேசிக்கொண்டோம். வாடகைக்கும் பயந்துதான் ஓடினார்கள். சோறு எங்காவது வரிசையில் நின்றால் கிடைக்கும். வாடகையை யார் கொடுப்பார்கள்?

மறுநாள் இரண்டு அறிவிப்புகள் வந்தன. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது, அவர்களையோ மாணவர்களையோ காலிசெய்யச் சொன்னால் நடவடிக்கை பாயும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால் ஒரு படி மேலே போனார். இரண்டு மூன்று மாதங்களுக்கு வாடகைக்கு நெருக்காதீர்கள், வறுமையால் கட்ட முடியாதவர்களுக்காக அரசே கட்டும் என்று செய்தியாளர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

இந்த அறிவிப்புகள் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பார்க்க, டெல்லியின் எல்லையில் குருகிராமை ஒட்டியிருக்கும் கபாஷேராவுக்குப் போக வேண்டும். ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் இடம். நடுவில் முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காக ஒற்றை அறைகள், பல குடும்பங்களுக்குப் பொதுவாகக் கழிப்பறை. பல கட்டடங்களில் கீழேயே வீட்டுக்காரரின் மளிகைக்கடை. குடியிருப்பவர்கள் அங்கேதான் சாமான் வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். இப்படிக் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்கு எதற்கு? மின்சாரத்தை நிறுத்தினால் போதும். அல்லது கடையில் கடன் கொடுக்காமல் இருந்தால் போதும். தான் குடியிருப்பவர் என்று நிரூபிக்கவே காகிதம் இல்லாதவர், எந்த உத்தரவைக் காட்டி யாரிடம் முறையிடுவார்? உள்துறையின் உத்தரவில் தண்டனை இருந்தது, பணம் இல்லை. வாடகையை மட்டுமே நம்பிப் பிழைக்கும் சிறிய வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு வழியும் சொல்லப்படவில்லை.

இந்த இரண்டில் பணம் தருவதாகச் சொன்னது டெல்லி அரசு மட்டும்தான். அதனால்தான் தினக்கூலித் தொழிலாளர்கள் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாடகை கிடைக்காத வீட்டுக்காரர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்தே மனு போட்டிருந்தார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எதிரும் புதிருமாக நிற்க வேண்டியவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள்.

முதல்வர் சொன்னது வெறும் வேண்டுகோள், வாக்குறுதி அல்ல என்று அரசு வாதாடியது. 2021 ஜூலை 22 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அதை ஏற்கவில்லை. நெருக்கடி நேரத்தில் முதல்வர் சொன்னதை மக்கள் நம்பியே இருப்பார்கள்; விளம்பரத்தில் செல்லுபடியாகும் மிகைப்பேச்சுக்கு ஆட்சியில் இடமில்லை என்றார். அந்த வாக்குறுதி குறித்து ஆறு வாரங்களுக்குள் முடிவெடுக்கச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது. செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அரசு தோற்றதா, ஜெயித்ததா என்பதல்ல என் ஆதங்கம். அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடித்திருக்கலாம். வார்டுக்கு ஒரு மேசை போட்டு, வீட்டுக்காரரையும் குடியிருப்பவரையும் சேர்த்து உட்காரவைத்து, பாக்கியில் ஒரு பங்கையாவது நேரே வீட்டுக்காரர் கணக்கில் போட்டிருக்கலாம். நீதிமன்றத்தில் வழக்காடச் செலவிட்ட நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலை இது.

அமெரிக்காவில் ஒரு படிவம் இருந்தது. 2020 செப்டம்பர் 4 முதல், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் உத்தரவுப்படி, அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தவர்களை வாடகை பாக்கிக்காக வெளியேற்றக்கூடாது என்றிருந்தது. பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)