ஓடை கலங்காமல் மீன் எண்ணுவது

கேகாலை மாவட்டம் கலபிட்டமடவில் ஓடும் ஒரு சிற்றோடையின் மீன் 'பண்டுல பெத்தியா'. 1991இல்தான் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானது. நான்கு சென்ரிமீற்றர் அளவே வளரும் இம்மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

எத்தனை மிஞ்சியுள்ளன என்று எண்ணத்தான் வேண்டும். ஆனால் வலையைவிட எண்ணுபவரின் கால்களுக்கே நான் அதிகம் பயப்படுவேன். செடிகள் மிதிபட்டால் குஞ்சுகளுக்கு ஒளிவிடமில்லை. எனவே முதலில் கரையில் அசையாதிருந்து கண்ணாலேயே எண்ணுவது நல்லது. இறங்கியே ஆகவேண்டுமானால் நீரோட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும். கலங்கிய சேறு பின்னால் போய்விடும். கைவலையில் அகப்பட்டதை ஓடைநீர் நிரப்பிய சிறு கண்ணாடித் தொட்டியில் விட்டு, அளந்து, படமெடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். வேறு ஓடையில் நனைந்த வலை நோயையும் சுமந்து வரும். அதைக் கழுவி, வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். ஈரவலையோடு வருபவரை, நானென்றால் கரையிலேயே மறித்துவிடுவேன்.