எண்ணெய் தொடும் கைக்கு எத்தனை நாள் பாடம்?

மதுக்கரையிலிருந்து பாலக்காடு சாலையில் வாளையாறைத் தாண்டினால் கஞ்சிக்கோடு. கோவை ஆர்ய வைத்திய பார்மஸியின் மருந்து ஆலை அங்கே இருக்கிறது. பி.வி. ராமவாரியர் 1943-இல் கோவையில் தொடங்கிய நிறுவனம் இது. கேரளத்து எண்ணெய்ச் சிகிச்சை கொங்கு நாட்டில் வேரூன்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து காய்ச்சி விற்பதோடு நிற்காமல், 1978-இல் கோவையில் குருகுல முறையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியையும் அது தொடங்கியது. மாணவர்கள் ஆசிரியர்களோடு தங்கி ஏழரை ஆண்டு படித்தார்கள். அதை முன்னின்று நடத்திய பி.ஆர். கிருஷ்ணகுமாருக்குப் பின்னாளில் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஏழரை ஆண்டு மருத்துவருக்கு. எண்ணெய் தேய்ப்பவருக்கு?

பிழிச்சில் என்ற எண்ணெய்ச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நோயாளி மரத் தோணியில் படுத்திருப்பார். பக்கத்துக்கு ஒருவராக நின்று, வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை நனைத்து, ஒரு கையால் பிழிந்து கட்டைவிரல் வழியே ஒழுகவிடுவார்கள். மறு கை தேய்த்துக்கொண்டே போகும். இரு பக்கத்துக் கைகளும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் நகர வேண்டும். எண்ணெய் ஆறிவிடாமல் சூடாக்கிக் கொடுக்க இன்னொருவர். உட்காரவைத்து, மல்லாக்க, ஒருக்களிக்க, குப்புற என்று ஏழு நிலைகளில் உடலைத் திருப்புவதும் வேலையில் சேர்த்திதான். ஏட்டில் இதற்கு ஒரு பக்கம் போதும். கை பழகத்தான் மாதங்கள் ஆகும், அதுவும் தப்பு செய்யும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருந்தால்!

சித்த மருத்துவத்தில் உடலைத் தேய்த்துப் பிடித்துவிடுவதற்குப் பெயர் தொக்கணம். 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழக அரசு நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இரண்டரை ஆண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒழுங்கான வழி அதுதான், ஏனோ நம் பக்கத்தில் பலருக்கும் அது தெரிவதில்லை.

கல்லூரிப் படியேறாத மரபும் இங்கே உண்டு. எலும்பு முறிந்தால் தெலுங்குபாளையத்துக்கோ கோபி பக்கத்துச் சிங்கிரிபாளையத்துக்கோ கட்டுப்போடப் போவது கொங்கு நாட்டு வழக்கம். அப்பன் கட்டுவதைப் பிள்ளை கூடவே நின்று பார்த்துப் பழகுவதுதான் பாடத்திட்டம். எக்ஸ்ரே வந்தபிறகும் கூட்டம் குறையவில்லை. ஆனால் எந்த முறிவைத் தொடக்கூடாது, எதை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சரிபார்க்கத் தேர்வு ஏதும் இல்லை. இந்த மரபின் பலவீனம் அதுதான்.

வெளிநாட்டிலும் கணக்கு ஒரே சீராக இல்லை. பாங்காக்கில் 1955-இல் தொடங்கிய வாட் போ கோயில் பள்ளியில், அடிப்படைத் தாய் மசாஜ் ஐந்து நாளில், 30 மணி நேரத்தில் முடிந்துவிடும். சுற்றுலா வருபவர்கள் சான்றிதழோடு ஊர் திரும்புவார்கள். அந்தக் கலையை யுனெஸ்கோ 2019-இல் மரபுச் செல்வமாக அறிவித்தது. ஜப்பானிலோ மசாஜ் உரிமம் பெற மூன்று ஆண்டு படித்து அரசுத் தேர்வில் தேற வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்றவர் தம்மைப் போன்றவர்களுக்குக் குத்தூசி சிகிச்சையும் மசாஜும் கற்றுத்தரப் பள்ளி வைத்தார். அந்தத் தொழிலில் இன்றும் பார்வையற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஐந்து நாளில் தேய்க்கும் வரிசையைக் கற்றுவிடலாம். காய்ச்சல், புதுக் காயம், காலில் ரத்தக்கட்டு உள்ளவரை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று கண்டறியும் புத்தி அதற்குள் வராது. ஆகவே ஒரு வாரத்தில் மசாஜ் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் போர்டைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். கற்றுத்தருபவர் பதிவு பெற்ற மருத்துவரிடம் வேலை பார்த்தவரா? நோயாளிகள் வரும் இடத்தில் பயிற்சி உண்டா? எத்தனை மாதம்? சேர்ந்து படித்து முடித்தாலும், அந்தச் சான்றிதழ் எண்ணெய் தேய்க்கத்தான். மருந்து எழுதிக்கொடுக்க அல்ல.