விழித்திரை வீக்கம்: சூட்டிலிருந்து ஊசிக்கு

நீரிழிவுக்காரரின் விழித்திரை நடுவில் நீர் கோத்து வீங்கினால், 1980-களின் பிற்பகுதியில் கண் மருத்துவர் கையில் இருந்தது லேசர் ஒன்றுதான். கசியும் நுண்குழாய்களைத் தேடி, 50 முதல் 100 மைக்ரான் அகலத்தில் சிறு சிறு சூடுகள் வைப்பார்கள். அமெரிக்காவின் ஈ.டி.டி.ஆர்.எஸ். ஆய்வு 1985-இல் அதன் பயனை எண்ணிச் சொன்னது. மூன்று ஆண்டுகளில் பார்வை கணிசமாகக் குன்றியவர்கள், லேசர் போடாத கண்களில் 24 சதவீதம். போட்ட கண்களில் 12. சேதம் பாதியானது. ஆனால் போன பார்வை திரும்பியது சிலருக்கே. 'இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்' என்பதற்கு மேல் அன்றைய மருத்துவரால் நம்பிக்கை தர முடியவில்லை. சூடு பட்ட இடங்களில் தழும்பும் தங்கிவிடும்.

2000-களின் தொடக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி வந்தது. மூட்டு வீக்கத்துக்குப் போட்டுவந்த ட்ரையாம்சினோலோன் மருந்தில் 4 மில்லிகிராமை, வெள்ளை விழி வழியாகக் கண்ணுக்குள் செலுத்தினார்கள். வீக்கம் விரைவில் வடிந்தது. அதே காலத்தில்தான் ஓசிடி கருவியும் பரவியது. அதற்கு முன் லென்ஸ் வழியே உற்றுப் பார்த்து மருத்துவர் கணித்த வீக்கத்தை, இப்போது மைக்ரான் கணக்கில் படமாகவே காட்ட முடிந்தது. மேடிட்டிருந்த விழித்திரை மீண்டும் குழிந்திருப்பதைத் திரையில் பார்த்த பிறகு, லேசரின் நிதானம் யாருக்குப் பிடிக்கும்?

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. மொத்தம் 840 கண்கள். நான்காம் மாதத்தில் 4 மில்லிகிராம் ஊசி முந்தியது. ஓராண்டில் வேறுபாடு மறைந்தது. இரண்டாம் ஆண்டில் லேசர் முன்னே நின்றது. கண் அழுத்தம் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஏறியது லேசர் குழுவில் 4 சதவீதம், 4 மில்லிகிராம் ஊசிக் குழுவில் 33. புரை அறுவைக்குப் போனவர்கள் முன்னதில் 13 சதவீதம், பின்னதில் 51. பார்வை பின்தங்கியதற்குப் புரை மட்டுமே காரணமல்ல என்பதும் ஆய்வாளர்களின் கணிப்பு. நான்கு மாதத்தோடு கணக்கை முடித்திருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும். இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பொறுமைதான்.

வென்ற லேசரும் நெடுநாள் முதலிடத்தில் நிற்கவில்லை. ரத்தக்குழாய்க் கசிவைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப் 2010-இல் வெளியான ஆய்வில் லேசரை முந்தியது. இன்று விழித்திரையின் மையம் வீங்கிப் பார்வை குறைந்தால், பெரும்பாலும் முதலில் போடுவது இவ்வகை ஊசியே. முன்பு காப்பாற்றுவதே இலக்கு; இன்று பலருக்குப் பார்வைப் பலகையில் கூடுதல் எழுத்துகள் தெரிகின்றன. அது சிறிய வரவல்ல. ஆனால் அன்று லேசர் போட்டவர் மூன்று நான்கு மாதம் கழித்து வந்தால் போதும். அந்த 2010 ஆய்விலோ முதல் ஆண்டில் மட்டும் எட்டு ஒன்பது ஊசிகள் போட நேர்ந்தது. துணைக்கு ஓர் ஆள், பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி என்று ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விலை உண்டு. பாதியில் நிறுத்திவிடுபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டீராய்டும் ஒழிந்துபோகவில்லை. புரை ஏற்கெனவே நீக்கப்பட்ட கண்களில், லேசரோடு சேர்ந்த ஸ்டீராய்டு ஏறக்குறைய ரானிபிசுமாப் அளவுக்கே பலன் தந்ததாக அதே ஆய்வு காட்டியது. இப்போது டெக்சாமெதசோன் மருந்தைத் தானே கரையும் சிறு குச்சியாகக் கண்ணுக்குள் வைக்கிறார்கள். சில மாதங்கள் தாங்கும். மையத்தை விட்டு விலகிய கசிவுக்கு லேசரும் இன்னும் பயன்படுகிறது.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், கண் அழுத்த நோய் முன்பே இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். போட்ட பிறகு பார்வை நன்றாகத் தெரிந்தாலும், சொன்ன நாளில் போய் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். அது ஏறுவது பெரும்பாலும் வலியில்லாமல்தான்.