வெடிக்காத துப்பாக்கி: குற்றம் இரும்பிலா, கையிலா?

துப்பாக்கி என்பது தமிழ்ச் சொல் அன்று. துருக்கி மொழியில் ‘துஃபெக்’ என வழங்கும் சொல்லே பல மொழிகளைக் கடந்து நம்மிடம் துப்பாக்கி ஆயிற்று என்பர் அறிஞர். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்திலும் இந்த ஒலி வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கே அதற்கு ‘உணவை உண்டாக்கி’ என்று பொருள். உயிரை வளர்க்கும் மழைக்கும் உயிரை எடுக்கும் கருவிக்கும் ஒரே ஒலி வாய்த்தது வேடிக்கைதான்.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணன் இந்த விஷயத்தில் ஏன் தலையிடுகிறான் என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. நகை, பணம் என்று புழங்குகிற நம்மவர்கள் சிலர், “ஒரு லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். ஸ்பிரிங்கும் போல்ட்டும் விற்றுப் பிழைத்தவன் என்பதால், இரும்பைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கி இல்லாதவன் எச்சரிக்கையாக இருப்பான், கைவிடுகிற துப்பாக்கியை வைத்திருப்பவன் அதை நம்பி நிற்பான். இரண்டாவது நிலையே ஆபத்தானது.

வி.டி. நிலையத்தில் கண்டது

கிங்ஸ் சர்க்கிளில் லோக்கல் ஏறினால் நாம் போய் இறங்குவது வி.டி. நிலையத்தில். 2008 நவம்பர் 26 இரவு அங்கே இரண்டு பேர் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு நுழைந்து, ஊருக்குப் போகக் காத்திருந்த பயணிகள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். எதிரே இருந்த காவலர்களிடம் இருந்தவை லத்திகளும் ‘த்ரீ நாட் த்ரீ’ எனப்படும் .303 ரைபிள்களும்.

.303 மோசமான துப்பாக்கி அன்று. 1895-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற லீ-என்ஃபீல்டு வகை அது. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. இரண்டு உலகப் போர்களைக் கண்டது. ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் திருகி, இழுத்து, தள்ள வேண்டும். நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுவான். ஏ.கே. துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்தால் முப்பது குண்டு கொண்ட மேகசின் சில விநாடிகளில் காலியாகிவிடும். இந்த இரண்டும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குப் பாடம் வேண்டாம்.

பின்னர் விசாரித்த ராம் பிரதான் குழு, காவலர்களுக்குப் போதிய தோட்டா இல்லாததையும் சுடும் பயிற்சி குறைந்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. பழைய துப்பாக்கி ஒரு குறை. பழகாத கை மற்றொரு குறை. அதே இரவில் கிர்காவ் சௌபாட்டியில் துக்காராம் ஓம்ப்ளே லத்தி ஒன்றோடு சென்று, கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிரைக் கொடுத்தார். அந்த வீரத்தை வணங்குவோம். ஆனால் கருவியின் குறையை மனிதனின் உயிரால் அடைக்கும் நிலை ஏன் வந்தது என்று கேட்காமல் வணங்கினால் அது அரை வணக்கம்தான்.

புகார் யாருடையது?

ராணுவத்திலும் இதே கதை உண்டு. இந்தியாவிலேயே வடிவமைத்த 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிள், 1999 கார்கில் போரில் முதல் பெரிய சோதனையைச் சந்தித்தது. மலைக்குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, மூன்று குண்டுக்கு வைத்தால் தொடர்ந்து வெடித்தது என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. பிறகு திருத்தங்கள் செய்தார்கள். 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்ட் தாக்குதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டபோது, இன்சாஸ் சரியாக இயங்கவில்லை என்றது நேபாள ராணுவம். ஒழுங்காகச் சுத்தம் செய்து பராமரிக்க வேண்டும் என்பது இந்தியத் தரப்பின் பதில். செய்தவர் வைத்திருப்பவரைச் சொல்வார், வைத்திருப்பவர் செய்தவரைச் சொல்வார். நடுவில் செத்தவன் எதுவும் சொல்வதில்லை.

2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் மரியாதைக்காக உயர்த்திய இருபதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரியாதைக்குப் பதில் மக்களைக் காக்க அவற்றை உயர்த்தியிருந்தால்? உத்தரப்பிரதேசக் காவல்துறை .303-க்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

ஏன் வெடிப்பதில்லை?

மூன்று இடங்களில் பிசகு வரலாம். முதலாவது இரும்பு: ஸ்பிரிங் தளர்ந்தால் ஊசி தோட்டாவின் அடியைப் பலமாகக் குத்தாது. இரண்டாவது மருந்து: நம் பம்பாயின் நான்கு மாத மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தோட்டா வெளியே பளபளக்கும், உள்ளே செத்திருக்கும். மூன்றாவது கை: எண்ணெய் போடாத, அல்லது அளவுக்கு மீறிப் போட்டுத் தூசியைச் சேர்த்த கை.

வெடிக்காத துப்பாக்கியிலும் ஆபத்து உண்டு. சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். உடனே திறந்து பார்க்கக் கூடாது. ‘புஸ்’ என்று மட்டும் சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் பல வருஷங்களாக ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். அலமாரியில் ஒரு காலம், தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு காலம். ஒருநாள் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்தார். ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. “இத்தனை நாளும் இதை நம்பியா தூங்கினேன்?” என்றார். 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைச் சுமார் 1,22,000 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை அரைக்கிலோதான். அந்த விலை கொடுத்தாலும் பயிற்சி அதோடு சேர்ந்து வராது. லைசென்ஸில் குறித்த அளவுக்கு மேல் தோட்டாவும் வாங்க முடியாது. பழகாமல் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

நூல் சொல்வது

இல்லறத்தானுக்குச் சமணம் நால்வகை இம்சையைப் பிரித்துக் காட்டுகிறது. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை அவன் விட்டே ஆகவேண்டும். தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேரும் விரோதி இம்சை அவனுக்கு முற்றிலும் விலக்கப்படவில்லை. ஆகவே காவலனின் துப்பாக்கியைச் சமணம் மறுக்கவில்லை. ஆனால் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையின் வேராகக் காட்டுவது ‘பிரமாதம்’ என்பதை. இன்று நாம் ‘பிரமாதம்!’ என்றால் பாராட்டு. அந்நூலில் அதன் பொருள் அசட்டை, கவனமின்மை.

இதை வைத்துப் பார்த்தால், ஈரத் தோட்டாவைக் கொடுத்தனுப்பும் அதிகாரி, புகாரைக் கேட்காத தொழிற்சாலை, பூட்டி வைத்து மறந்த வீட்டுக்காரர் ஆகிய மூவர் கணக்கிலும் அது இம்சையாகவே சேரும். அவர்கள் யாரையும் சுடவில்லை என்பது வாதமாகாது.

ஆகவே லைசென்ஸ் கேட்கும் நண்பர்களே, முதலில் கடைக்கு நல்ல பூட்டும் நம்பகமான ஆளும் போடுங்கள். பணத்தை வங்கியில் வையுங்கள். அதற்கும் மேல் துப்பாக்கி வேண்டுமென்றால், அதைத் துடைக்கவும் பழகவும் வருஷம் முழுக்க நேரம் உண்டா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். நாற்சந்தியில் ரைபிளோடு நிற்கும் காவலருக்கு மட்டும் அந்தத் தெரிவு இல்லை. கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றாக வேண்டும். அவர் கையில் இருப்பது வெடிக்குமா என்று கேட்கும் பொறுப்பு, வரி கட்டுகிற நம் எல்லோருக்கும் உண்டு.