சட்டை என்ன நிறம்?

கோடை விடுமுறை விட்டால் போதும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு "பெங்களூரு எப்பப் போலாம்?" என்ற ஒரே பாட்டுதான். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. மகன் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விடியுமுன்னே போய் நிற்பவன். மருமகள் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். காலை ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போது பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஏது நேரம்? "நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

மருமகளுக்கு அரை மனசு. "கூட்டமா இருக்கும் மாமா. கையை விடாம பாத்துக்கோங்க" என்று நாலு தடவை சொன்னாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மீட்டர் கேஜ் வண்டி ஓடின காலத்திலிருந்து பெங்களூரு போய் வர்றவன்மா நான்!" என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் இவர் போனது தனியாக, அதுவும் இருபத்தைந்து வயதில். இப்போது எழுபது. எனக்கு முழங்கால் வலி வேறு.

போன மே மாதத்தில் ஒரு நாள், புளிசாதம் கட்டிக்கொண்டு காலை ரயிலைப் பிடித்தோம். கெலமங்கலம், ஓசூர் தாண்டியதும் ஸ்டேஷன் போர்டுகளில் தமிழ் போய்க் கன்னடம் வந்ததைப் பேரன்தான் காட்டினான். எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கன்னடம் எனக்கு நன்றாகவே பேச வரும். அது அன்றைக்கு எப்படிக் கைகொடுக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

வழியெல்லாம் தாத்தா கதை சொல்லிக்கொண்டே வந்தார். நம் ஊர்க் கோட்டை திப்பு சுல்தானிடம் இருந்தது, 1791-ல் வெள்ளைக்காரப் படை பிடித்தது, இப்போது பார்க்கப் போகும் லால்பாக் தோட்டத்தை 1760-ல் ஆரம்பித்தவர் அதே திப்புவின் அப்பா ஹைதர் அலி என்று. கதையோடு கதையாக, "யாராவது பிரிஞ்சு போயிட்டா அங்கேயே நிக்கணும். ரயில்ல போயிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கணும். அலையக் கூடாது" என்றும் சொன்னார். நான் அதைக் காதில்கூட வாங்கவில்லை.

மெஜஸ்டிக்கில் இறங்கி மெட்ரோவுக்குப் போனோம். அப்பப்பா, என்ன கூட்டம்! பச்சைத் தடத்தில் ஏறினால் லால்பாக் வாசலருகே இறங்கலாம். நகரும் படியில் கால் வைக்கவே எனக்குப் பயம். பேத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வந்தது. பேரன் துள்ளிக் குதித்து முதலில் ஏறிவிட்டான். இவர், "நீ முதல்ல ஏறு" என்று எனக்காகத் திரும்பினார். நான் முழங்காலைப் பார்த்துத் தயங்கினேன். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் முகம். அது அப்படியே நகர்ந்து போனது.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. இவர் வண்டியோடு நாலு அடி ஓடினார். அங்கிருந்த காவலாளியிடம் நான்தான் கத்தினேன். "அண்ணா, நம்ம ஹுடுகா ரைல்நல்லி ஹோகிபிட்டா!" எங்கள் பையன் ரயிலில் போய்விட்டான் என்று. அவர் உடனே வாக்கி-டாக்கியை எடுத்தார். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். "சட்டை என்ன நிறம்?" என்றார்.

தோழிகளே, எனக்கு ஞாபகம் வரவில்லை! அன்று காலை அந்தச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டதே நான்தான். பட்டன் போட்டது இதே கைதான். நீலமா, பச்சையா, கோடு போட்டதா, ஒன்றும் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. கீழேயிருந்து பேத்தி சொன்னாள்: "மஞ்ச சட்டை ஆயா. கீழ் பட்டன் இல்ல."

அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கே மஞ்சள் சட்டையோடு, பட்டன் இல்லாமல், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான் என் ராஜா. கூடவே இரண்டு கையிலும் புடவைக் கடைப் பையோடு ஒரு அம்மா. வண்டியில் இவன் அழுவதைப் பார்த்து, தன் வேலையைப் போட்டுவிட்டுக் கூட இறங்கி நின்றிருக்கிறார். நாங்கள் போய் இறங்கியதும், நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். மொத்தமாகப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இவர் "திரும்பிடலாம்" என்றார். "லால்பாக் பாக்காம வரமாட்டேன்" என்று பேரன் அடம். போனோம். 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, சுமார் முந்நூறு கோடி வருஷம் பழைய பாறை, அதன் உச்சியில் கெம்பேகவுடா கோபுரம், எல்லாம் பார்த்தோம். நம் திண்டிவனம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்த கல்மரம் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரமாம். வேறு நாளாக இருந்தால் ஆசையாகத் தொட்டுப் பார்த்திருப்பேன். அன்றைக்கு என் கண் மஞ்சள் சட்டையை விட்டு நகரவில்லை. பாறை மேல் ஏறும்போது பேரன் சொன்னான்: "தாத்தா, உங்க கை ஈரமா இருக்கு."

திரும்பும் ரயிலில் இவர் என் காதருகே வந்து, "வீட்ல சொல்ல வேண்டாம். அப்புறம் பிள்ளைங்கள நம்மகூட அனுப்பவே மாட்டா" என்றார். எனக்கும் அதே பயம்தான். பிள்ளைகளிடம், "அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்றேன். ஊர் வந்து இறங்கியதும் வாங்கியும் கொடுத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. "அம்மா, அண்ணன் ரயில்ல தொலைஞ்சு போயிட்டான். ஆயா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து சொல்லாதேன்னுச்சு" என்றாள் சின்னவள்.

மருமகள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, "கூட்டத்துல தவறிப் போறது யாருக்கும் நடக்கும் அத்தை. என்கிட்ட சொல்லாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அதான் எனக்கு..." என்று நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் வேண்டிய அளவுதான் பேசினாள்.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு வெளியில் யாராவது ஒருவன் என் பேத்தியிடம் மிட்டாயைக் கொடுத்து "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொன்னால்? அதே வார்த்தையை முதலில் சொன்னவள் நானல்லவா! மூன்றாம் நாள் மருமகள் ஷிப்ட் முடிந்து வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, "தப்பு என்னுதுதான்மா" என்றேன். பேத்தியைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே, "ஆயா சொன்னாலும், யார் சொன்னாலும், அம்மாகிட்ட எதையும் மறைக்கக் கூடாது" என்றேன். "அப்ப ஐஸ்கிரீம் திருப்பித் தரணுமா?" என்று கேட்டது அந்த வாண்டு!

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகும் என் வயதுத் தோழிகளுக்கு ஒன்று. புறப்படும்போதே செல்போனில் பிள்ளைகளை முழு உருவமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டு நம்பரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போடுங்கள். பிள்ளைகள் உதவிக்கு 1098, ரயிலில் என்றால் 139. மெட்ரோவிலோ ரயிலிலோ ஏறும்போது பெரியவர் ஒருவர் முதலில், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில்.

அடுத்த விடுமுறைக்கு மைசூரு போக வேண்டுமாம். மருமகள் இரண்டு நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறாள். "நான் பெரியவனைப் பிடிச்சுக்கறேன், அத்தை சின்னவளைப் பிடிச்சுக்கட்டும், மாமா டிக்கெட் மட்டும் பாத்துக்கட்டும்" என்கிறாள். மீட்டர் கேஜ் காலத்து ஆசாமி அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

- ஒரு வாசகி, ராயக்கோட்டை.