மறைபொருட் புதிரும் மற்றொருவர் கண்ணும்

"கம்பன் தலையில் விதை விழப் பாட்டு." விடை மூன்றெழுத்துச் சொல்.

மறைபொருட் குறுக்கெழுத்துப் புதிரில் இத்தகைய குறிப்பைக் காணும் தமிழ் கற்றவர் உடனே கம்பனை நினைப்பார். இராமாயணத்தின் காண்டங்களை எண்ணுவார். உழவைப் பாடும் ஏரெழுபதும் கம்பன் பெயரில் வழங்குவதாயிற்றே என்று அதனையும் புரட்டுவார். கற்ற கல்வியே அவரைத் தவறான வழியில் நெடுந்தூரம் இழுத்துச் சென்றுவிடும். அப்பொழுது பக்கத்திலிருக்கும் நண்பர், "தலை என்றது முதலெழுத்தையோ?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். கம்பன் என்னும் சொல்லின் தலை 'க'. அதனோடு 'விதை' சேர்ந்தாற் 'கவிதை'. பாட்டு என்பதே அதன் பொருள்.

இத்தகைய குறிப்புக்களின் ஒரு முனையில், பெரும்பாலும், விடையின் நேர்ப்பொருள் நிற்கும். எஞ்சிய பகுதி விடையின் எழுத்துக்களைக் கூட்டும் வழியைச் சொல்லும். எழுத்துக்களைக் கலைத்து மாற்றலாம். ஒரு தொடரின் நடுவே விடையை ஒளித்து வைக்கலாம். ஒரு சொல்லின் வயிற்றுள் மற்றொன்றைப் புகுத்தலாம். இரு பகுதிக்கும் இடையே தையல் தெரியாதபடி ஒரே வாக்கியமாக்குவதே புதிராசிரியரின் சாமர்த்தியம். சிலேடையிற் பழகிய தமிழருக்கு இவ்வித்தை முற்றிலும் புதிதன்று. ஆயினும் சிலேடைப் புலவர் இரு பொருளையும் காட்டி மகிழ்விப்பார். புதிராசிரியரோ ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பார்.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயோர்க் வேர்ள்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட முதற் புதிரில் இவ்வளவு சூழ்ச்சி இல்லை. இங்கிலாந்திலேதான் அது மறைபொருளாயிற்று. 1926 முதல் 'ஒப்சேர்வர்' பத்திரிகையிற் புதிர் அமைத்த எட்வேர்ட் பொவிஸ் மாதர்ஸ், ஸ்பானிய மத விசாரணைத் தலைவரான தொர்க்குவெமாடாவின் பெயரையே தமக்குப் புனைபெயராக்கிக் கொண்டார். வாசகர் பட்ட வேதனைக்கு அது பொருத்தமான பெயர்தான்.

தனித்திருந்து விடுவிப்பதே வீரம் என்பாரும் உளர். விடையை நேரே சொல்லிவிடும் நண்பரை எண்ணி அவர்கள் அவ்வாறு கூறுவராயின் அது நியாயமே. அத்தகையவர் செய்வது உதவியன்று, இன்பத்தைப் பறிப்பது. நல்ல நண்பரோ ஒரு கேள்வியோடு நின்றுவிடுவார். வாக்கியத்தை ஒருமுறை ஒரு விதமாய்ப் படித்த கண், மறுமுறையும் அவ்விதமே படிக்கும். அதைக் குலைக்கப் பிறிதொரு கண் வேண்டும். 'ஓட்டம்' என்றதும் ஒருவர் துடுப்பாட்டத்தை நினைப்பார். மற்றொருவர் ஆற்றுநீரை நினைப்பார்.

1942 ஜனவரியில் இலண்டனில் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை ஒரு போட்டி நடத்தியது. 12 நிமிடங்களுள் புதிரை முடித்தல் வேண்டும். எல்லாருக்கும் முன்னே முடித்தவர் ஒரு சொல்லிற் பிழைவிட்டமையாற் பரிசிழந்தார். பக்கத்தில் ஒரு நண்பர் இருந்திருந்தால் அப்பிழை தப்பியிராது. பங்குபற்றியோருட் சிலருக்குப் பின்னர் யுத்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஜேர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைத்த பிளெச்லி பார்க் நிலையத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டனர்.

அந்நிலையத்திற் புதிர் விடுவிப்பது பொழுதுபோக்கன்று. அத்திலாந்திக் கடலிற் செல்லும் கப்பல்களின் கதி அதனைப் பொறுத்திருந்தது. செய்தியில் வானிலை அறிக்கை போன்ற வழக்கமான தொடரொன்று இருக்குமென ஊகிப்பர். எனிக்மா இயந்திரத்தில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. ஆதலால், ஊகித்த தொடரின் எழுத்தொன்று மறைச்செய்தியின் அதே எழுத்துக்கு நேரே விழுந்தால், அத்தொடர் அவ்விடத்துக்கு உரியதன்று. ஒருவர் ஊகிப்பார், மற்றவர் பொருத்திப் பார்ப்பார், பிறிதொரு குடிலில் உள்ளோர் மொழிபெயர்ப்பர். 1945இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் அங்கு பணியாற்றினர். அவர்களுள் நாலில் மூவர் பெண்கள். ஆனால் தம் குடிலுக்கு வெளியே எந்த நண்பரிடமும், கணவரிடமும், மனைவியிடமுங்கூட அவர்கள் ஒரு கேள்வி கேட்க முடியாது. போர் முடிந்தும் அவ்வாய்ப்பூட்டு 1970களின் நடுப்பகுதி வரை நீடித்தது.